நகரத்துக்கு வரும் பணம் நம் தெரு வரை வருமா?

நம் சங்கத்துக்கு வரும் அன்பர்களிடம் சென்னையில் யார் ஆட்சி, டில்லியில் என்ன நிலவரம் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். 'உங்கள் வார்டு கவுன்சிலர் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். பலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கும். குடும்பஸ்ரீ கூட்டத்துக்குப் போகிறவர் அவர்தானே. ஆண்களாகிய நாம் சாலைக் கடைத்தெருவிலோ கரமனையிலோ வலியசாலையிலோ இரண்டு மூன்று தலைமுறையாக இருந்துகொண்டு, வீட்டுவரி கட்டிக்கொண்டு, 'நமக்கு எதற்கு இந்த ஊர் வம்பு' என்று ஒதுங்கி இருக்கிறோம்.

நான் அரசியல் எழுத வரவில்லை. நாகர்கோவில் அகலப்பாதை திறந்த 1979-ல், திருவனந்தபுரம் டிவிஷன் தொடங்கிய அதே வருஷம், சிவில் டிப்ளமாவோடு ரயில்வேயில் சேர்ந்தவன். அப்போது எங்களை ஐ.ஓ.டபிள்யூ. என்பார்கள், பின்னால் செக்ஷன் இன்ஜினியர் என்று பெயர் மாறிற்று, வேலை மாறவில்லை. 39 வருஷம் சர்க்கார் பணத்தில் சுவரும் ஓடையும் குவார்ட்டர்ஸும் கட்டி, அளந்து, எம்.புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே ஒரு கிராண்ட் எங்கே பிறந்து எங்கே காணாமல் போகும் என்பது ஓரளவு தெரியும். ஓய்வுக்குப் பிறகு எங்கள் வார்டுக் கூட்டங்களுக்குப் போய் வருகிறேன். அங்கே பார்த்ததையும் சட்டத்தில் உள்ளதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பணம் வரும் வழி. வீட்டுவரி, தொழில்வரி, லைசென்ஸ் கட்டணம் எல்லாம் கார்ப்பரேஷனின் சொந்த வருமானம். அது போக மாநில அரசு மூன்று கணக்கில் பணம் தருகிறது: புதிய திட்டங்களுக்கான வளர்ச்சி நிதி, ஏற்கனவே உள்ள ரோடு, பள்ளி, ஆஸ்பத்திரி கட்டிடங்களைப் பழுதுபார்க்கப் பராமரிப்பு நிதி, அன்றாடச் செலவுக்குப் பொதுநிதி. மத்திய நிதிக்குழுவின் மானியம் வேறு. அதற்கு மேல் ஒவ்வொரு காலத்திலும் ஒரு மத்தியத் திட்டம் வரும். 1996-ல் சேரி மேம்பாட்டுத் திட்டம், 1997-ல் சுவர்ண ஜெயந்தித் திட்டம், 2005-ல் நேரு பெயரிலான நகரத் திட்டம், 2015-ல் பிரதம மந்திரி வீட்டுத் திட்டம், 2017-ல் நம் ஊருக்குக் கிடைத்த ஸ்மார்ட் சிட்டி. பெயர் மாறும், படிவம் மாறும், போர்டில் படம் மாறும். தெருவில் வேலை செய்யும் கொத்தனார் மட்டும் அதே ஆள்.

மற்ற மாநிலங்களில் இல்லாத ஒன்று கேரளத்தில் உண்டு. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது. அடுத்த வருஷம் கேரளம் தன் நகராட்சிச் சட்டத்தை இயற்றியது. 1996 ஆகஸ்ட் 17, சிங்கம் ஒன்றாம் தேதி, ஜனகீயாசூத்ரணம் என்ற மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தைப் பஞ்சாயத்துகளுக்கும் நகரசபைகளுக்கும் நேரடியாகக் கொடுத்து, 'என்ன வேண்டும் என்று நீங்களே தீர்மானியுங்கள்' என்றார்கள். சதவீதம் பிற்பாடு கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. ஆனால் பணத்தைக் கீழே இறக்கும் வழக்கம், ஆட்சிகள் மாறிய பிறகும் நிற்கவில்லை. இதை யார் செய்தார்கள் என்று கட்சிக்காரர்கள் சண்டை போடட்டும். அதுவரை ரோடு இன்ஜினியரிடமும் மந்திரியிடமும் மனுக் கொடுத்துக்கொண்டிருந்த சாதாரண மனுஷனுக்கு, தெருக்கோடியில் நடக்கும் ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கும் உரிமை வந்தது.

அந்தக் காலத்து விஷயம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பணம் வந்துவிட்டது, கூட்டம் போட்டாகிவிட்டது, திட்டமும் எழுதியாகிவிட்டது. எழுதிய திட்டங்களைப் பார்த்தால் பலவற்றில் சரியான எஸ்டிமேட் இல்லை, சாங்ஷனுக்கு அனுப்பும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கான திட்டங்களைச் சரிபார்க்க அரசாங்க இன்ஜினியர்கள் போதவில்லை. ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள், டாக்டர்கள், விவசாய அதிகாரிகள், கணக்கர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் வந்து உதவ வேண்டும் என்று அழைப்பு விட்டார்கள். தன்னார்வத் தொழில்நுட்பப் படை என்று அதற்குப் பெயர். எனக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நம்மூர்க்காரர்தான், அதில் சேர்ந்தார். பஸ்ஸில் போய், எஸ்டிமேட்டைப் பார்த்து, சிவப்புப் பேனாவில் திருத்தி, சாயங்காலம் திரும்புவார். 'பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும் ஐயா' என்பார். பின்னால் இந்தப் படை தொழில்நுட்ப ஆலோசனைக் குழுக்களாக உருமாறியது.

ஒப்பந்தக்காரருக்குப் பதிலாகப் பயனாளிகளே ஒரு குழு அமைத்து வேலையை எடுத்துச் செய்யலாம் என்ற விதியும் அப்போது வந்தது. நல்ல யோசனை. நல்லபடி நடந்த இடங்கள் உண்டு. கன்வீனர் என்ற பெயரில் ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்துப் போட, பின்னால் பழைய காண்டிராக்டரே வேலை செய்த இடங்களும் உண்டு. இதைத் திட்டத்தை ஆதரித்தவர்களே ஒப்புக்கொண்டு எழுதினார்கள். கிராமங்களில் பிடித்த அளவுக்கு நகரங்களில் இந்த இயக்கம் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். காரணம் புரியாததல்ல. கிராமத்தில் கூட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். நகரத்தில் பக்கத்து ஃபிளாட்டில் யார் என்றே தெரியாது.

சட்டப்படி ஒரு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில் இருப்பது வார்டு கமிட்டி. கவுன்சிலர் தலைவர், குடியிருப்போர் சங்கங்கள், அயல்கூட்டங்கள் போன்றவற்றின் பிரதிநிதிகள் உறுப்பினர்கள். நடைமுறையில் கவுன்சிலர் கூட்டும் பொதுக்கூட்டத்தை எல்லோரும் வார்டு சபை என்றே சொல்கிறார்கள்; அந்த வார்டு வாக்காளர் போய் உட்காரலாம், பேசலாம். அங்கே எழுதி எடுத்த கோரிக்கைகள் செயற்குழுக்களுக்குப் போகும், பிறகு வளர்ச்சிக் கருத்தரங்கு, பிறகு கவுன்சில், பிறகு ஜில்லா திட்டக் குழுவின் அங்கீகாரம். அதன் பின் இன்ஜினியரின் தொழில்நுட்ப சாங்ஷன், டெண்டர். அத்தனை படியும் ஏறினால்தான் ஒரு லோடு ஜல்லி தெருவில் இறங்கும். முதல் படியிலேயே உங்கள் கோரிக்கை எழுதப்படவில்லை என்றால் மற்றப் படிகளில் யார் உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை.

வளர்ச்சி நிதிக்குள்ளும் தனித்தனி அறைகள் உண்டு. பொதுப்பிரிவு, பட்டியல் சாதியினருக்கான பிரிவு, பழங்குடியினருக்கான பிரிவு. பெண்களுக்கு 10 சதவீதம் ஒதுக்க வேண்டும்; குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். ஒரு அறைப் பணத்தை இன்னொரு அறைக்கு எடுக்க முடியாது. இது நியாயத்துக்காகப் போட்ட கோடு. ஆனால் கோடு என்று ஒன்றைப் போட்டுவிட்டால் அதன் மேலேயே நிற்கிற ஆட்களும் இருப்பார்கள். அப்படிப்பட்ட இரண்டு கோடுகளைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தது.

முதலாவது வார்டு எல்லை. நகரத்தில் நூறு வார்டுக்கு மேல் உண்டு. எந்தக் கவுன்சிலரும் தன் வார்டுக்கு என்ன கிடைத்தது என்றுதான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஓட்டுப் போட்டவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே பணம் துண்டு துண்டாகிறது. இங்கே ஒரு வார்டில், பெயர் வேண்டாம், ஒரு ஓடைக்குத் திட்டம் வந்தது. நானும் ஒரு கொத்தனாரும் டியூப் லெவல் பிடித்துப் பார்த்தோம். ஓடை 1-க்கு 200 சரிவில் ஒழுங்காக இறங்குகிறது. ஆனால் வார்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் ஐம்பது அறுபது மீட்டர் பழைய மண் வாய்க்கால், அது அடுத்த வார்டு. மழை பெய்தால் மேலே உள்ள பத்து வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். கீழே உள்ள நான்கு வீட்டில் தண்ணீர் முன்னைவிட வேகமாக நுழையும். கூட்டத்தில் இதை ஒரு வெள்ளைத்தாளில் படம் போட்டுக் காட்டினேன். இரண்டு கவுன்சிலர்களும் வேறு வேறு கட்சி. இருந்தும் ஒத்துக்கொண்டு ஆளுக்குப் பாதியாகத் திட்டத்தில் சேர்த்தார்கள். வேலை முடிய இரண்டு நிதியாண்டு ஆயிற்று. அந்த நான்கு வீட்டில் ஒன்றிலிருந்துகூட யாரும் அன்றைய கூட்டத்துக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்கு வீட்டு விஷயம் இப்படித் தீர்ந்தது. பெரிய அளவில் தீராததைத்தான் 2024 ஜூலையில் நாடே பார்த்தது. ஆமயிழஞ்சான் தோடு அப்சர்வேட்டரி குன்றுப் பக்கம் தொடங்கி, நகரின் நடுவே ஓடி, ஆக்குளம் காயலுக்குப் போகிறது. ஆமை இழைந்து போன இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அந்த அளவு மெதுவாக, தெளிவாக ஓடிய தண்ணீராக இருந்திருக்க வேண்டும். தம்பானூர் ஸ்டேஷன் யார்டுக்கு அடியில் நூறு மீட்டர் சொச்சம் அது இருட்டில் போகிறது. 13-7-2024 அன்று அந்த இடத்தில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், திடீரென்று பெய்த மழையில் நீர் உயர்ந்து அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடினார்கள். 15-ம் தேதி தகரப்பறம்புப் பக்கம் உடல் கிடைத்தது. மேலேயிருந்து வரும் குப்பை நகரத்தினுடையது என்று ஒரு பக்கம், ரயில்வே நிலத்துக்குள் இருப்பதை ரயில்வே சுத்தம் செய்ய வேண்டும் என்று மறுபக்கம். ஹைகோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மாநில அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது.

ரயில்வேக்காரன் என்பதால் இதில் எனக்கு ஒரு பக்கம் சாய்வு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்த மாதிரி கல்வர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ரயில்வே கணக்கில் அது ஒரு கல்வர்ட் நம்பர். பாசனத் துறைக்கு அது ஒரு தோடு. கார்ப்பரேஷனுக்கு அது பல வார்டுகளின் எல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு கிராண்ட் உண்டு, அவரவர் கோட்டுக்குள் செலவழிக்க. 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று ஒன்று நடந்தது நினைவிருக்கும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையில் எடுத்து, எல்லாத் துறையையும் ஒரே கட்டளையில் வைத்து, மூடிக்கிடந்த வாய்க்கால்களைத் திறந்தார்கள். தம்பானூரில் தண்ணீர் தேங்குவது குறைந்தது. அதுவும் ஒரு தடவை வேலை. ஓடை வருஷா வருஷம் அடைக்கும். குப்பைக்கு 2000-ல் விளப்பில்சாலையில் நகரம் ஒரு ஆலை வைத்தது. அது வேறொரு பஞ்சாயத்து. நாற்றம் அவர்களுக்கு, வசதி நமக்கு. 2011 டிசம்பரில் அந்தப் பஞ்சாயத்து பூட்டுப் போட்டது. பிறகு குழாய் கம்போஸ்ட், கிச்சன் பின், இப்போது ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வந்து பிளாஸ்டிக்கை எடுத்துப் போகிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் கொடுக்க முணுமுணுப்பவர்கள் அந்தத் தொழிலாளியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் மாதக் கதை உங்களுக்கும் தெரியும். ஏப்ரலில் பணம் உண்டு, வேலை இல்லை. மார்ச்சில் வேலை உண்டு, தூக்கம் இல்லை. கொல்லம் முதல் கன்னியாகுமரி வரை எல்லாத் துறைக்காரனும் தார் டிரம்மைத் தேடுவது அந்த மாதம்தான். பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் அன்பர்கள் நம்மில் பலர். அங்கே நகரங்களுக்கு 1974 முதல் ஒரு சமுதாய வளர்ச்சி மானியம் உண்டு. தனித்தனியாகக் கிடந்த பல திட்டங்களை ஒன்றாக்கி, ஜனத்தொகை, வறுமை, வீட்டு நெருக்கடி, வீடுகளின் வயது இவற்றை வைத்து ஒரு சூத்திரப்படி நகரத்துக்குப் பணம் போகும். குறைந்தது 70 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொதுமக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். எனக்குப் பிடித்த விதி வேறு. திட்ட வருஷம் முடிய 60 நாள் இருக்கும்போது கையிருப்பு, ஒரு வருஷ மானியத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது மார்ச் 31-ல் கதவைச் சாத்துவதில்லை, தூங்கவும் விடுவதில்லை. மழைக்காலம் முடிந்து வேலை தொடங்க வேண்டிய நம் ஊருக்கு இப்படி ஒரு விதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

இரண்டாவது கோடு ஒரு தேதி: 10-8-1950. பட்டியல் சாதிகளுக்கான ஜனாதிபதி உத்தரவு பிறந்த நாள். மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் வேறு. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடியேறினால் அங்கே அந்த மாநிலத்தின் சலுகை கிடைக்காது. உள்துறை அமைச்சகத்தின் 1977, 1985 சுற்றறிக்கைகள் இதை விளக்கின. சுப்ரீம் கோர்ட் 1990-லும் 1994-லும் உறுதி செய்தது. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் இங்கே நிரந்தரமாக வசித்தது என்று காட்டினால்தான் இங்கே சான்றிதழ். நம் சங்கத்தில் பலருக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தாத்தா 1953-ல் சங்கரன்கோவில் பக்கமிருந்து இங்கே கூலி வேலைக்கு வந்தார். மகன் இங்கே பிறந்தார், பேரன் இங்கே பிறந்தான். மலையாளம் மீடியத்தில் படித்தான், அவன் எழுதும் தமிழில் எழுத்துப்பிழை அதிகம். கார்ப்பரேஷன் திட்டத்தில் பட்டியல் பிரிவு மாணவர்களுக்குப் படிப்பு உதவி என்று வார்டுக் கூட்டத்தில் வாசித்தார்கள். பையனின் அம்மா எழுந்து, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக, 'எங்களுக்கு உண்டா சாரே?' என்று கேட்டாள். சான்றிதழ் இருந்தால் உண்டு என்றார்கள். வில்லேஜ் ஆபீஸில் 1950-க்கு முந்திய ஆதாரம் கேட்டார்கள். மூன்று வருஷ வித்தியாசம். தமிழ்நாட்டில் போய்க் கேட்டால், தாத்தாவின் ஊரை வைத்து அந்த மாநிலத்துச் சான்றிதழ் கிடைக்க வழி உண்டு. மத்திய அரசு வேலை, மத்திய அரசுக் கல்லூரிக்கு அது செல்லும். இங்குள்ள கார்ப்பரேஷன் நிதிக்குச் செல்லாது. தெருவில் அவனை யாராவது சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதற்கு எந்தத் தேதி வரம்பும் இல்லை. மானியத்துக்கு மட்டும்தான்.

இதைக் கவுன்சிலரோ கார்ப்பரேஷனோ மாற்ற முடியாது. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் பார்லிமென்டுக்கு மட்டுமே. ஆனால் அந்தக் குடும்பம் பொதுப்பிரிவில் ஏழைக் குடும்பமாக விண்ணப்பிக்கலாம்; பெண்கள் பிரிவிலும், குடும்பஸ்ரீ வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கூட்டத்தில் இருந்த ஏ.டி.எஸ். அம்மாள்தான் இதைச் சொல்லிக் கொடுத்தார். குடும்பஸ்ரீ 1998 மே 17-ல் மலப்புறத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்தது. அதற்கு முன்பே ஆலப்புழை நகரத்தில் பெண்கள் குழுக்களை வைத்து, வருமானத்தைக் கேட்காமல், வீட்டில் கக்கூஸ் உண்டா, குடிதண்ணீர் உண்டா, இரண்டு வேளையாவது சாப்பாடு உண்டா என்று ஒன்பது கேள்வியில் ஏழ்மையைக் கணக்கிட்டார்கள். அந்தக் கேள்விகளில் எந்த ஊர்க்காரன் என்பது இல்லை. 10 முதல் 20 பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம், வார்டு அளவில் ஏ.டி.எஸ்., நகர அளவில் சி.டி.எஸ். நம் வீட்டுப் பெண்கள் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். மலையாளம் சரளமாக வராது என்று தயங்கினால், வட்டிக்கணக்கு எந்த மொழியிலும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்புங்கள்.

வீடு இல்லாதவர்களுக்கு லைஃப் மிஷன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் உதவி உண்டு. அதில் குடும்பம் என்பதற்கு ரேஷன் கார்டுதான் அளவுகோல். நம்மவர்களில் அண்ணன் தம்பி மூன்று பேர் கல்யாணமாகியும் அப்பா பெயரில் ஒரே கார்டில் இருப்பார்கள். சர்க்கார் கணக்கில் அது ஒரு குடும்பம். ஏற்கனவே உள்ள காலனிகளைப் புதுப்பிப்பது இன்னும் கடினம். சாலைக்குத் தெற்கே கரிமடம் காலனியில், நேரு பெயரிலான திட்டப் பணத்தில், லாரி பேக்கர் வழியில் செல்லும் காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் செங்கல் அடுக்குமாடிகள் கட்டியது. போய்ப் பாருங்கள், கொத்து வேலை தெரிந்தவர்களுக்கு நல்ல காட்சி. ஆனால் அங்கே ஒரு வரிசை வீட்டுக்காரர்களை வேறெங்காவது குடிவைத்து, இடித்து, கட்டி, திரும்பக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த வரிசையைத் தொட முடியும். பணம் தயாராக இருந்தாலும் ஜனங்கள் மாறி இருக்க இடம் வேண்டுமே. காலதாமதம் என்றால் எல்லோரும் லஞ்சம் என்கிறார்கள். சில நேரம் அது வெறும் இடப்பற்றாக்குறை.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். வார்டுக் கூட்டத்துக்கு வாய்மொழியாக மட்டும் போகாதீர்கள்; கோரிக்கையை ஒரே தாளில், இடம், நீளம், எத்தனை வீடு என்று எழுதி, ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியதா என்று பாருங்கள். வேலை தொடங்கினால் எஸ்டிமேட்டைக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் 2005 தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். அது மலையாளத்திலோ இங்கிலீஷிலோ இருக்கட்டும். குறைதீர்க்கும் மனுவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை: அரசியல் சட்டத்தின் 350-வது பிரிவு மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க இடம் தருகிறது, தலைமைச் செயலகத்துக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969-ம் வருஷ ஆட்சிமொழிச் சட்டமும் சொல்கிறது. எழுதித்தர ஆள் வேண்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கட்டிடத்துக்கு வாருங்கள். நானும் இன்னும் இரண்டு பென்ஷன்காரர்களும் அங்கே இருப்போம். ரேஷன் கார்டையும், பழைய வீட்டுவரி ரசீது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.